பழவேற்காடு – எண்ணூர் மீனவ ஊர்களும் அனல்மின் துறையும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் இது பரந்துள்ளது. தமிழ்நாட்டுப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. பழவேற்காட்டிலிருந்து சுமார் 20 கி.மீ. தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம் உள்ளது. ஏரியையும் கழிமுகத்தையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. 1970 முதல் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள் எழுந்ததால், மின்துறையின் வளர்ச்சியும் அதன் சிக்கல்களும் இந்நீர்ப்பரப்பை நம்பி வாழும் மீனவ ஊர்களின் வரலாற்றோடு கலந்துவிட்டன.

பாடு முறை

பழவேற்காட்டு மீனவர்கள் ஏரியைப் பகிர்ந்துகொள்ள ‘பாடு’ என்னும் மரபு முறையைப் பின்பற்றி வருகின்றனர். இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். பாட்டு உரிமை பெற்றவர்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து, அவ்விடங்களில் சுத்துவலை கட்டுவர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இம்முறையோடு தொடர்புடைய ஊர்கள். எண்ணூர்க் கழிமுகத்து ஊர்களிலும் பாடு வழக்கில் இருந்துள்ளது.

பாடு எல்லாருக்கும் உரியதன்று. உரிமை பெரும்பாலும் பட்டினவர் சமூக ஆண்களுக்கே உண்டு. பாட்டுக்கு வெளியே ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் பிறரும் இதே நீரைத்தான் நம்பியுள்ளனர். யார், எங்கே, எந்த நாளில் வலையிடுவது என்பதைப் பாடு தீர்மானிக்கும். அந்த நீரில் வெளியிலிருந்து வந்து கலப்பதைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

மின் உற்பத்தி எண்ணூருக்கு வந்த வரலாறு

சென்னை நகரத்தின் தொடக்ககால மின்சாரம், 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேசின் பிரிட்ஜில் அமைந்த நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வந்தது. பின்னர் பைக்காரா (1932), மேட்டூர் (1937) ஆகிய நீர்மின் திட்டங்கள் மாகாணத்தின் பிற பகுதிகளுக்கு ஒளி தந்தன. 1957 இல் தமிழ்நாடு மின்சார வாரியம் தோன்றியபோது, நீர்மின்சாரம் மட்டும் போதாது என்பது தெளிவாகிவந்தது. பருவமழை பொய்த்தால் அணைகளில் நீர் குறையும், மின்வெட்டு வரும். எனவே அரசு அனல்மின்சாரத்தின் பக்கம் திரும்பியது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு 1962 இல் மின் உற்பத்தி தொடங்கியது.

எண்ணூர் அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகள் 1970 முதல் 1975 வரை இயங்கத் தொடங்கின. மொத்தத் திறன் 450 மெகாவாட். கழிமுகத்தின் வடகரையில் 630 மெகாவாட் திறனுள்ள வடசென்னை அனல்மின் நிலையம் 1994–96 இல் வந்தது. 2001 இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், முதன்மையாக இந்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவே கட்டப்பட்டது. ஒடிசாவின் சுரங்கங்களில் வெட்டப்படும் நிலக்கரி பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலில் இங்கு வருகிறது. தூசு மாசு குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 இல் அளித்த ஆணையை அடுத்துச் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரிப் போக்குவரத்தும் எண்ணூருக்கு மாறியது. நகரத்தின் நெஞ்சிலிருந்து நீங்கிய தூசு வடக்கே உள்ள குப்பங்களுக்கு அருகே வந்து சேர்ந்தது.

அதன்பின் வல்லூரில் தேசிய அனல்மின் கழகமும் மாநில மின்வாரியமும் கூட்டாக 1,500 மெகாவாட் நிலையத்தையும், வடசென்னையில் மாநில மின்கழகம் 1,200 மெகாவாட் இரண்டாம் கட்டத்தையும் அமைத்தன. வடசென்னையின் 800 மெகாவாட் மூன்றாம் கட்டம் 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. பழைய எண்ணூர் நிலையம் 2017 இல் மூடப்பட்ட பின்னும், இப்பகுதியின் நிறுவுதிறன் 4,000 மெகாவாட்டைக் கடந்தது.

சாம்பலும் வெந்நீரும்

இந்திய நிலக்கரியில் சாம்பல் அளவு அதிகம். பொதுவாக 30 முதல் 45 விழுக்காடு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி தேவை எனக் கொண்டால், கால் கிலோ அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். மாதம் 200 யூனிட் பயன்படுத்தும் வீட்டின் மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்து வந்தால், அதற்காக எங்கோ 50 கிலோ சாம்பல் சேர்கிறது.

இச்சாம்பலின் ஒரு பகுதி சிமெண்ட், செங்கல் தொழில்களுக்குச் செல்கிறது. மீதி நீரில் கரைக்கப்பட்டுக் குழாய்கள் வழியாகச் சாம்பல் குளங்களுக்கு அனுப்பப்படுகிறது. வடசென்னை நிலையத்தின் சாம்பல் குளம் செப்பாக்கம் ஊரை ஒட்டியுள்ளது. ஆற்றுப்பகுதியைக் கடந்து செல்லும் குழாய்களில் ஏற்பட்ட கசிவுகளால் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் சதுப்பு நிலத்திலும் ஆண்டுக்கணக்கில் படிந்தது. ஆழம் குறைந்த இடங்களில் படகு தரைதட்டும். சேற்றின் மேல் சாம்பல் மூடினால் நண்டும் சிப்பியும் வாழும் இடம் போய்விடும். வெள்ளக் காலத்தில் ஆறு நீரை ஏற்கும் அளவும் குறையும்.

கொதிகலனில் உருவான நீராவி சுழலியைச் சுற்றிய பின் குளிர்விக்கப்பட வேண்டும். அதற்குப் பயன்பட்ட நீர் சூடேறி வெளியேறுகிறது. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புபவை. நீரின் வெப்பமும் உவர்ப்பும் மாறினால் இந்த வரவு பாதிக்கப்படும்.

சட்டமும் வழக்கும்

அனல்மின் சாம்பலைப் பயன்படுத்துவது குறித்த முதல் அறிவிக்கையை ஒன்றிய அரசு 1999 இல் வெளியிட்டது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கை, சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும் என்றும், குளங்களில் தேங்கிய பழைய சாம்பலையும் பத்தாண்டுகளுக்குள் படிப்படியாகத் தீர்க்க வேண்டும் என்றும் கூறியது.

எண்ணூர்ப் பகுதி மீனவர் தரப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. 2022 ஜூலையில் அதன் தென்மண்டல அமர்வு அளித்த தீர்ப்பு, சாம்பல் மாசுக்கு மாநில மின்கழகத்தைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்ட நீர்நிலையை மீட்க நடவடிக்கை எடுக்கப் பணித்தது.

புகைக்கூண்டு வாயுக்களுக்கான கடுமையான வரம்புகள் 2015 டிசம்பரில் வந்தன. கந்தக டைஆக்சைடைக் குறைக்கும் கருவிகளுக்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 10 இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து 10 கி.மீ. தொலைவுக்குள் உள்ளவற்றுக்குக் கடமை நீடிக்கிறது.

புதிய போக்குகள்

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளது. சூரிய மின்சாரமும் வேகமாக வளர்கிறது. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரையே மிகுதி. சூரிய மின்சாரம் பகலில் மட்டுமே கிடைக்கும். மாலையில் தேவை உயரும்போது நிலக்கரி நிலையங்கள் உற்பத்தியைக் கூட்ட வேண்டியுள்ளது. பகலில் குறைத்து மாலையில் ஏற்றும் இவ்வியக்கத்துக்காகப் பழைய அலகுகள் வடிவமைக்கப்படவில்லை. நீரேற்று மின்நிலையங்களும் பெரிய மின்கலங்களும் போதிய அளவில் வரும்வரை எண்ணூரின் புகைக்கூண்டுகள் ஓய்வது கடினம்.

மின் உற்பத்தி முறை மாறுவதால் மட்டும் மீனவ ஊர்களின் சிக்கல் தீர்ந்துவிடாது. 2017 இல் மூடிய எண்ணூர் நிலையத்தில் நிலக்கரி எரிவது நின்றது. ஆற்றில் முன்பே படிந்த சாம்பல் தானாகப் போய்விடாது. மின்துறையின் கணக்கில் ஒரு நிலையத்தின் ஆயுள் 25 முதல் 40 ஆண்டுகள். பாடு முறையோ தலைமுறைகளைக் கணக்கில் கொண்டது. ஆற்றைத் தூர்வாரும் செலவும் சாம்பலை அகற்றும் செலவும் மின்சாரத்தின் விலையில் சேர்க்கப்படாத வரை, அவற்றை மீனவர்கள் குறைந்த பாட்டினாலும் வெறும் வலையினாலும் செலுத்தி வருகின்றனர்.