அடிமைத்தளை அறுந்த வரலாற்றைச் சிறார்க்கு உரைத்தல்

சிறார்க்கு வரலாறு கற்பிப்போர் பிறநாட்டார் குற்றத்தை எளிதில் உரைப்பர். தம் முன்னோர் குற்றத்தை உரைக்க நாவெழாது. இக்குறை எம்மிடத்தும் இருந்தமையை நம் சங்கத்து அன்பர்க்கு ஒளியாது கூற விழைகின்றோம்.

தியாகி சுப்பிரமணிய சிவா பாரதாசிரமம் அமைத்து, 1925 ஜூலை 23-ஆம் நாள் உயிர்நீத்த ஊர் பாப்பாரப்பட்டி. அவர்தம் நினைவிடத்துக்கு மாணாக்கரை அழைத்துச் சென்றிருந்தோம். சிறைவாழ்வில் தொழுநோயுற்று, இரயிலேறுதல் தடுக்கப்பட்ட பின்னர், கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர்தோறும் சென்று அவர் விடுதலை பேசிய செய்தியை எடுத்துரைத்தோம். "ஐயா, நடந்தே விடுதலை பெற்றோர் வேறு உண்டா?" என்றான் ஒரு சிறுவன். அமெரிக்காவில் 1849-ல் அடிமைத்தளையினின்று தப்பிய ஹாரியட் டப்மன் என்னும் பெண்மணி, ஏறத்தாழப் பதின்மூன்று முறை மீண்டுஞ் சென்று, எழுபதின்மர் வரையில் இரவில் நடத்தியழைத்து மீட்ட வரலாற்றைக் கூறினோம். சிறார் மகிழ்ந்தனர். அப்பொழுது ஒரு சிறுமி, "நம் நாட்டில் அடிமைகள் இருந்தார்களா? யாருக்கு அடிமை?" என்று வினவினாள். யாம் விடை கூறாது பேச்சை மாற்றினோம். அது பிழை. அவ்விடையை இங்கே தருகின்றோம்.

அடிமை முறை நம் நாட்டில் இருந்தது. நம்பியாரூரரை ஓலை காட்டி ஆட்கொண்ட கதையைப் பெரிய புராணத்திற் கற்றுள்ளோம். பாட்டன் எழுதிய ஆளோலை பேரனையும் பிணிக்கும் என்னும் வழக்கு நிலவியதாலன்றோ அக்கதை அவ்வாறு அமைந்தது? ஆட்கள் விற்கப்பட்ட செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உண்டு. ஆங்கில அரசு 1833-ல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கும்பினியார் ஆண்ட நாட்டுக்குப் பொருந்தாது விடப்பட்டது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே இங்கு முதலில் வந்தது.

அச்சட்டம் அடிமையை நோக்கி, "இன்றுமுதல் நீ உரியவன்" என்று கூறவில்லை. அடிமை என்னுங் காரணத்தால் எவரையும் அரசு அலுவலர் விற்றலாகாது. அடிமை மீது உடையவன் கொண்டாடும் உரிமையை நீதிமன்றம் நிலைநாட்டாது. அவன் ஈட்டிய பொருளைப் பறித்தலாகாது. உரியவனுக்கு இழைத்தாற் குற்றமாவது அவனுக்கு இழைத்தாலும் குற்றமே. இவ்வளவே சட்டம். கதவின் தாழ் நீக்கப்பட்டது. வெளியே நடத்தல் அவனவன் காலின் செயலாயிற்று. தாழ் நீங்கியதை அறியாதவன் உள்ளேயே இருந்தான். அறிந்தவனுக்கும் செல்லுமிடம் வேண்டியிருந்தது.

சென்றோர் இலங்கைத் தோட்டங்களுக்கும், பினாங்குக்கும், பருமாவுக்குஞ் சென்றனர். 1880-க்குப் பின் கோலார் தங்கவயல் திறக்கவே, வடஆர்க்காட்டினின்றும், தருமபுரியை உள்ளடக்கியிருந்த அந்நாளைய சேலம் மாவட்டத்தினின்றும் பலர் அங்கே சென்றனர். சென்ற இடத்துங் கங்காணி கடனும், சுரங்கத்து இடரும் காத்திருந்தன. எனினும் கூலி காசாய்க் கையில் வந்தது. 1862-ல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குதலையும் விற்றலையும் குற்றமாக்கிற்று. அதன் பின்னும் முன்பணம் என்னும் பெயரால் பண்ணையாட் கட்டு தொடர்ந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்த பின்னரே அக்கடன்களும் சட்டப்படி அற்றன.

இனி, "யாருக்கு அடிமை?" என்ற வினாவுக்கு வருவோம். நம் குலத்தாரிற் பலர் உழுவித்து உண்டவர். நம் வீட்டுப் பழங்கணக்குகளிற் பண்ணையாள் பெயரும், அவனுக்கு அளந்த தானியமும், அவன் மீது நின்ற கடனும் எழுதப்பட்டிருத்தல் கூடும். அவற்றைச் சிதைத்தல் வேண்டா. அவன் பெயர் எழுதப்பட்ட ஏடு உலகில் அஃதொன்றேயாகவும் இருக்கலாம்.

"பழையதைக் கிளறிப் பிள்ளைகள் மனத்தைப் புண்படுத்தலாமா?" எனச் சில பெற்றோர் வினவுவர். நடந்து தப்பியவன் கொள்ளுப்பேரனும், அவனைத் தடுத்தவன் கொள்ளுப்பேரனும் இன்று எம் வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்துள்ளனர். முன்னவன் இக்கதையைத் தன் வீட்டிற் கேட்டேயிருப்பான். கேளாதவன் நம் பிள்ளையே. பாட்டன் ஓலை பேரனைப் பிணிக்கும் காலம் போயிற்று. பாட்டன் செய்ததை அறிதல் பேரனுக்குக் குற்றமாகாது.

அச்சிறுமிக்கு அடுத்த வாரம் வகுப்பில் விடை கூறுவோம். பழங்கணக்கேடு உடைய அன்பர் அதனை ஒருநாள் பள்ளிக்குக் கொணர்ந்து சிறார்க்குக் காட்டுவாராயின் பெரிதும் நன்றியுடையேம்.