தலைவருக்கு எதிராக வாக்களிக்கும் உரிமை: ஆட்சி முறைகளை ஒப்பிட ஒரு கேள்வி

உலக ஆட்சி முறைகளை ஒப்பிடும் நூல்கள் பெரும்பாலும் ஒரே வகைப்பாட்டில் தொடங்குகின்றன: பிரிட்டனின் நாடாளுமன்ற முறை, அமெரிக்காவின் அதிபர் முறை, இரண்டும் கலந்த பிரான்சின் முறை. அவையின் நம்பிக்கையை இழந்த பிரதமர் விலகியாக வேண்டும். அதிபரையோ பதவிக்காலம் முடியும்வரை அசைப்பது அரிது. இந்த இறுக்கமே அதிபர் முறையின் பெரிய ஆபத்து என்று ஹுவான் லின்ஸ் 1990இல் வாதிட்டார். அவருடைய வாதம் இன்றும் பாடத்திட்டங்களில் நிலைத்திருக்கிறது.

இந்த வகைப்பாடு பயனுள்ளதுதான். ஆனால் தவறிழைக்கும் ஆட்சித் தலைவரை இடையில் இறக்க முடியுமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்த விடை பெரும்பாலும் வேறோர் இடத்தில் இருக்கிறது: தன் கட்சித் தலைவருக்கு எதிராக வாக்களிக்கும் உறுப்பினர், வாக்களித்த பிறகும் உறுப்பினராக நீடிக்க முடியுமா?

தென் கொரியாவைப் பார்ப்போம். அதிபர் முறை நாடு அது. அதிபரைப் பதவி நீக்கும் தீர்மானத்துக்கு 300 உறுப்பினர்களில் 200 பேரின் வாக்கு தேவை; பிறகு அரசமைப்பு நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும். லின்ஸின் கணக்குப்படி ஏறக்குறைய நடக்க முடியாத காரியம். இருந்தும் பத்தாண்டுக்குள் இரண்டு முறை நடந்தது. 2016இல் பார்க் குன்-ஹேவுக்கு எதிராக 234 வாக்குகள் விழுந்தன. 2024 டிசம்பர் 3 இரவு யூன் சுக்-யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். 14ஆம் தேதி அவருக்கு எதிராக 204 வாக்குகள் பதிவாயின. எதிர்த்தரப்பின் மொத்த பலம் 192தான். ஆளுங்கட்சியிலிருந்து குறைந்தது 12 பேர் தம் அதிபருக்கு எதிராக வாக்களித்தால்தான் 204 வரும். அங்கே பதவி நீக்க வாக்கெடுப்பு ரகசியமானது. அந்த ரகசியத்தின் வலிமையை ஆளுங்கட்சித் தலைமையும் அறிந்திருந்தது. அதனால்தான் டிசம்பர் 7ஆம் தேதி நடந்த முதல் முயற்சியின்போது அக்கட்சி உறுப்பினர்கள் ஏறக்குறைய அனைவரும் அவையைவிட்டு வெளியேறினார்கள். உள்ளே நின்றவர் யார் என்பதே அவர் வாக்கைக் காட்டிக்கொடுத்துவிடும் நிலை. அன்று தீர்மானம் செல்லாமற்போனது. அடுத்த வாரம் அந்தத் தடை உடைந்தது. 2025 ஏப்ரல் 4 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனை நீக்கினார்கள்.

இதே அதிபர் முறையின் தாயகமான அமெரிக்காவில் செனட் இதுவரை ஓர் அதிபரைக்கூடக் குற்றவாளி என்று தீர்மானித்து நீக்கியதில்லை. 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். அங்கே பெயர் சொல்லி வெளிப்படையாக வாக்களிக்க வேண்டும். மாறி வாக்களித்தவரின் இருக்கை சட்டப்படி போகாது. அடுத்த உட்கட்சித் தேர்தலில் போகலாம்.

இலங்கையின் கதை இவ்விரண்டையும்விடக் கடுமையானது. 1978 அரசமைப்பின்படி ஜனாதிபதியை நீக்கப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். உயர் நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் கண்டால், மீண்டும் அதே பெரும்பான்மை வேண்டும். வாசல் குறுகலானது என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அந்த வாசலை நெருங்குபவருக்கு என்ன நேரும் என்பதைச் சொல்வது 99ஆம் உறுப்புரை. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர், ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தை நாடி அந்த நீக்கம் செல்லாது என்று நிறுவாவிட்டால், உறுப்பினர் பதவியையும் இழப்பார். 1991இல் ரணசிங்க பிரேமதாசாவுக்கு எதிராகக் குற்றப்பிரேரணை கொண்டுவந்தவர்களில் முன்னணியில் நின்ற லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் ஆளுங்கட்சியின் பெருந்தலைகள். கட்சி அவர்களை நீக்கியது, நீதிமன்றம் அதைச் சரி என்றது, இருக்கைகளும் போயின. குற்றப்பிரேரணையைச் சபாநாயகர் இறுதியில் ஏற்கவில்லை. அந்தப் பாடத்தைப் பின்வந்த எந்த உறுப்பினரும் மறந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். 2022இல் பொருளாதாரம் நொறுங்கியபோது கோட்டாபய ராஜபக்சவைப் பதவியிலிருந்து இறக்கியது பாராளுமன்றம் அல்ல. காலிமுகத் திடலில் திரண்ட மக்கள். சட்டத்தில் இருந்த வழி அடைபட்டிருந்ததால் ஒரு நாடே தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

நாடாளுமன்ற முறைக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்க வேண்டும். 1979 மார்ச் 28 அன்று பிரிட்டனில் ஜேம்ஸ் கலகன் அரசு 311க்கு 310 என்ற கணக்கில் வீழ்ந்தது. 1999 ஏப்ரல் 17 அன்று, அ.தி.மு.க. ஆதரவை விலக்கிய பின், வாஜ்பாய் அரசு 270க்கு 269 என்று வீழ்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் பிரிட்டனில் கட்சிக் கொறடாவை மீறியவர் கட்சியை இழக்கலாம், இருக்கையை இழப்பதில்லை. இந்தியாவில் 1985இன் 52ஆவது திருத்தம் கொண்டுவந்த பத்தாவது அட்டவணை, கொறடா உத்தரவை மீறுபவரின் பதவியையே பறிக்கிறது. ஆகவே ஒரு கூட்டணிக் கட்சி மொத்தமாக வெளியேறி ஆட்சியைக் கவிழ்க்கலாம். ஆளுங்கட்சிக்குள் இருக்கும் தனி உறுப்பினர் மனச்சான்றுப்படி கவிழ்க்க முயன்றால் பதவியை விலையாகக் கொடுக்க வேண்டும். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்று அரசமைப்பின் 75ஆவது உறுப்பு சொல்வதை இந்த அட்டவணை பாதியாகக் குறைத்துவிட்டது.

தமிழ்நாடு இதை நேரில் கண்டது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோது, ஓ. பன்னீர்செல்வம் தரப்பும் தி.மு.க.வும் ரகசிய வாக்கெடுப்பு கேட்டன. அதற்கு முன்பு உறுப்பினர்கள் நாள்கணக்கில் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். பேரவைத் தலைவர் கோரிக்கையை ஏற்கவில்லை. 122க்கு 11 என்று முடிவு வந்தது. கொரிய விதி இங்கே இருந்திருந்தால் எண்ணிக்கை எப்படி வந்திருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வி எழுந்ததே நமது முறையின் குறையைக் காட்டுகிறது.

பத்தாவது அட்டவணையின் தடைக்குக் காரணம் இல்லாமலில்லை. 1967இல் ஹரியானாவின் கயா லால் சில நாள்களுக்குள் கட்சி மாறி மாறித் தாவியது நாடெங்கும் பேச்சானது. 1993இல் நரசிம்ம ராவ் அரசு தப்பிய வாக்கெடுப்பு, ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்களின் லஞ்ச வழக்காக நீதிமன்றம் ஏறியது. ரகசிய வாக்குக்கும் இதே நோய் உண்டு. 1972 ஏப்ரலில் மேற்கு ஜெர்மனியில் வில்லி பிராண்டை நீக்க ரைனர் பார்ட்சலுக்கு 249 வாக்குகள் தேவை. ரகசிய வாக்கெடுப்பில் 247தான் கிடைத்தது. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை பணம் கொடுத்து வாக்கு வாங்கியிருந்தது பின்னாளில் வெளிவந்தது. ஆகவே ரகசிய வாக்கை நான் பரிந்துரைக்கவில்லை. வாக்காளருக்குத் தன் பிரதிநிதி என்ன செய்தார் என்று அறியும் உரிமை உண்டு.

ஜெர்மனியிடம் கற்க வேண்டியது வேறு. வைமர் குடியரசில் கவிழ்க்கக் கைகோத்தவர்கள் ஆளக் கைகோக்கவில்லை. 1932 செப்டம்பரில் பாப்பன் அரசுக்கு எதிராக நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்தே வாக்களித்தார்கள். அந்த நினைவோடு 1949இல் எழுதப்பட்ட அடிப்படைச் சட்டம், அடுத்த சான்சலரைத் தேர்ந்தெடுத்தால்தான் இப்போதையவரை நீக்கலாம் என்றது. 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது இப்படித்தான். ஸ்பெயின் இந்த விதியை எடுத்துக்கொண்டது; 2018இல் ரஹோய்க்குப் பதில் சாஞ்சேஸ் அதன் வழியே வந்தார். ஜெர்மன் உறுப்பினர் கட்சி மாறினாலும் இருக்கையை இழப்பதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆட்சியின் நிலைத்தன்மையை அங்கே காப்பது மாற்றுத் தலைவர் விதி. உறுப்பினர் மீதான மிரட்டல் அல்ல.

இந்தியாவுக்கும் இதுவே பொருந்தும். மாற்றுத் தலைவரின் பெயரோடு வரும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில், வெளிப்படையாக வாக்களிக்கும் உறுப்பினரைப் பத்தாவது அட்டவணை தீண்டக் கூடாது. லஞ்சம் பெருகும் என்ற அச்சத்துக்கு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பாதி பதில் தந்துவிட்டது: வாக்குக்குப் பணம் பெறும் உறுப்பினருக்கு அவை உரிமை இனிக் கேடயமாகாது என்று ஏழு நீதிபதிகள் 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றினார்கள். லஞ்சத்தைக் குற்றவியல் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும்; அதற்காக வாக்கையே பறிக்க வேண்டியதில்லை.

இலங்கையில் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பதைப் பற்றிப் பல தேர்தல்களாகப் பேசப்படுகிறது. அதை ஒழித்துவிட்டு 99ஆம் உறுப்புரையை அப்படியே விட்டுவைத்தால், ஜனாதிபதிக்குப் பதில் அசைக்க முடியாத ஒரு பிரதமர் வருவார்.