யுனைடெட் விமானிகள் வேலைநிறுத்தம் (1985)

அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் 1985 மே 17 தொடங்கி 29 நாள் நடத்திய வேலைநிறுத்தம். இனிமேல் பணியில் சேர்பவர்களுக்கு ஊதியத்தைப் பெருமளவு குறைக்க நிர்வாகம் முனைந்ததே இதற்குக் காரணம். ஏற்கெனவே பணியிலிருந்த சுமார் 5,000 விமானிகளின் சம்பளத்தில் அந்தத் திட்டம் கை வைக்கவில்லை. ஆனாலும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். விமானத்துறைத் தொழிற்சங்க வரலாற்றில் இந்தப் போராட்டம் தனித்து நிற்பது இதனால்தான்.

அமெரிக்க விமானிகளின் சங்கமான ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன் 1931இல் சிகாகோவில் உருவானது. அதை நிறுவிய டேவிட் பென்கே, பின்னாளில் யுனைடெட் ஆன நிறுவனங்களில் ஒன்றின் விமானி. மறு ஆண்டே சங்கத்துக்கு முதல் சோதனை வந்தது. செஞ்சுரி ஏர்லைன்ஸ் முதலாளி எர்ரெட் கார்ட் ஊதியத்தை வெட்டினார். வெட்டை ஏற்காத விமானிகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையற்ற விமானிகள் ஏராளமாக இருந்த காலம் அது. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஃபியொரெல்லோ லா கார்டியா விமானிகள் பக்கம் நின்றார். 1936இல் ரயில்வே தொழிலாளர் சட்டம் விமான நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பேச்சுவார்த்தை, அரசு மத்தியஸ்தம், 30 நாள் காத்திருப்பு எல்லாம் முடிந்த பிறகே வேலைநிறுத்தம் செய்யலாம் என்ற நெடிய வழி அதிலிருந்து வந்தது.

விமானியின் வாழ்க்கை முழுவதும் பணிமூப்புப் பட்டியலைச் சார்ந்தது. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எப்போது கேப்டன் ஆவது, எந்த மாதத்தில் விடுப்பு என எல்லாவற்றையும் பட்டியலில் அவர் இருக்கும் இடமே முடிவு செய்கிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள கேப்டனும் வேறு நிறுவனத்துக்குப் போனால் கடைசிப் பெயராகத்தான் சேர வேண்டும். அதனால் நிறுவனத்தை விட்டு விலகுவது அவருக்கு எளிதல்ல. உடன் பணிபுரிபவர்களோடு சேர்ந்து நின்றுதான் தன் நிலையைக் காக்க முடியும். இந்தப் பட்டியலைக் குலைக்கும் எந்த முயற்சியும் விமானிகளை ஏன் அவ்வளவு ஆழமாகத் தாக்குகிறது என்பதை இதை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்கள் மீதும் வழித்தடங்கள் மீதும் இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. குறைந்த சம்பளம் தரும் புதிய நிறுவனங்கள் முளைத்தன. பழைய நிறுவனங்கள் செலவைக் குறைக்க வழி தேடின. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டோரை அதிபர் ரீகன் பணிநீக்கம் செய்தார். விமானிகள் அப்போது தொடர்ந்து பறந்தார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கு அவர்களின் ஆதரவு கிடைக்கவில்லை. விமானிகள் சங்கத்தின் வரலாற்றை எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகக்கூடாது. இரண்டு ஆண்டு கழித்து அடி விமானிகள் மீதே விழுந்தது. 1983 செப்டம்பரில் கான்டினென்டல் ஏர்லைன்ஸை அதன் தலைவர் ஃபிராங்க் லொரென்சோ திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டு போய், ஊதியத்தை ஏறக்குறைய பாதியாக்கினார். அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் விமானிகளில் பலர் மறியலைத் தாண்டிப் பணிக்குப் போனார்கள். நிறுவனம் பறந்துகொண்டே இருந்தது. போராட்டம் 1985 வரை நீண்டு, தோல்வியில் முடிந்தது.

அதே 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளிடம் இரண்டடுக்கு ஊதிய முறைக்கு ஒப்புதல் பெற்றது. பழையவர்களுக்குப் பழைய சம்பளம். புதியவர்களுக்கு அதைவிட மிகக் குறைந்த, ‘பி ஸ்கேல்’ எனப்பட்ட தனி விகிதம். யுனைடெட்டின் தலைவர் ரிச்சர்ட் ஃபெரிஸ் அதையே கேட்டார். விமானிகளுக்கு இது கசந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1981இல் நிறுவனம் வளர வேண்டும் என்று பணி விதிகளில் அவர்கள் பெரிய விட்டுக்கொடுப்புகளைச் செய்திருந்தார்கள். ஃபெரிஸை அப்போது நம்பினார்கள். 1985 ஏப்ரலிலோ பான் ஆம் நிறுவனத்தின் பசிபிக் வழித்தடங்களை 75 கோடி டாலருக்கு வாங்குவதாக யுனைடெட் அறிவித்தது. அதற்குப் பணம் இருக்கிறது, புதிய விமானிக்கு இல்லையா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

மூத்தவர்களின் நிலைப்பாட்டில் தியாகம் மட்டும் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மலிவான ஊதியத்தில் வரும் இளையவர்கள் நாளை பெரும்பான்மையாகி, அதிக ஊதியம் பெறும் மூத்தவர்களுக்கு எதிராகவே வாக்களிக்கலாம் என்ற கணக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு மட்டுமே ஒருவரை வேலையைப் பணயம் வைக்கச் செய்யாது. கான்டினென்டலில் கற்ற பாடத்தோடு சங்கம் மாதக்கணக்கில் தயாரானது. யுனைடெட் கிளைத் தலைவர் ரோஜர் ஹாலும் வேலைநிறுத்தக் குழுவை நடத்திய ரிக் டுபின்ஸ்கியும் தொலைபேசிச் சங்கிலிகளை அமைத்தார்கள்; பல ஊர்களில் கூடிய விமானிகளைச் செயற்கைக்கோள் ஒளிபரப்பால் ஒரே கூட்டமாக்கினார்கள். மனைவியரும் பிள்ளைகளும் கலந்துகொள்ளும் குடும்பக் கூட்டங்களும் நடந்தன. சம்பளம் நின்ற வீட்டில் முதலில் தளர்வது எங்கே என்று அவர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள்.

இந்தக் கதையின் உச்சம் பயிற்சியிலிருந்த சுமார் 570 இளம் விமானிகள். வேலைநிறுத்தம் வந்தால் விமானங்களை ஓட்ட உதவுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு நிர்வாகம் அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்திருந்தது. அவர்கள் இன்னும் சங்க உறுப்பினர்கள்கூட அல்லர். பெரிய ஜெட் விமானத்தில் ஓர் இருக்கைக்காகப் பல ஆண்டுகள் சிறு விமானங்களில் காத்துக் கிடந்தவர்கள். பணிக்கு வா, இல்லையேல் வேலை கிடையாது என்றது நிறுவனம். மிகச் சிலரைத் தவிர யாரும் போகவில்லை. தங்கள் சம்பளத்துக்காக மூத்தவர்கள் தெருவில் நிற்கையில் அவர்களைக் கடந்து போக மனம் வரவில்லை. விமானப் பணிப்பெண்களும் ஆண் பணியாளர்களும் பெரும்பாலும் மறியலை மதித்து விலகி நின்றார்கள். யுனைடெட்டின் பெரும்பாலான விமானங்கள் தரையிலேயே கிடந்தன.

ஊதியப் பிரச்சினை விரைவிலேயே தீர்வை நெருங்கியது. புதியவர்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் குறைந்த விகிதம், அதற்குப் பிந்திய விகிதத்தைப் பேச்சிலோ நடுவர் மூலமோ முடிப்பது என்று உடன்பாடு வந்தது. பி ஸ்கேலை முற்றிலும் தடுக்க முடியவில்லை. அது நிரந்தரப் பிளவாகாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் வேலைநிறுத்தம் நீடித்ததற்குக் காரணம் வேறு: போராட்டத்தின்போது பணிக்கு வந்தவர்களுக்குப் பணிமூப்பைத் தாண்டி நல்ல இடங்களைத் தர நிர்வாகம் முயன்றது, 570 பேரைச் சேர்க்கவும் மறுத்தது. ஜூன் நடுவில் விமானிகள் திரும்பியபோது இந்த விவகாரங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. தீர்ப்பு 570 பேருக்கு ஆதரவாக அமைந்து, அவர்கள் பணியில் அமர்ந்தார்கள்.

வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள் சங்கச் சின்னத்தில் ஒரு நட்சத்திரம் அணிந்தார்கள். கருங்காலிகளின் பெயர்ப் பட்டியல் விமானிகளிடையே சுற்றி வந்தது. அதிலிருந்தவர்களோடு ஒரே காக்பிட்டில் பறக்க வேண்டியிருந்தும், பணிக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசாதவர்கள் இருந்தார்கள். வேறு நிறுவன விமானங்களில்கூட அவர்களுக்குக் காக்பிட்டின் உபரி இருக்கை மறுக்கப்பட்டது. 1987இல் விமானிகள் சங்கம் யுனைடெட்டையே விலைக்குக் கேட்டது. அந்த நெருக்கடியில் ஃபெரிஸ் பதவி விலகினார். 1994இல் ஊழியர்கள் நிறுவனத்தின் 55 சதவீதப் பங்குக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியதோடு அந்தப் பங்குகளும் மதிப்பிழந்தன.