தட்டிப் பார்த்த பூமி

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு. காலை ஆறேகால் இருக்கும். ஜாசினில் எங்கள் வீட்டுக் கட்டில் லேசாக ஆடியது. பாட்டி எழுந்து உட்கார்ந்து, “யாருடா ஆட்டுறது?” என்றார். ஜொகூரின் சிகாமட்டில் 4.1 அளவு நிலநடுக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. சுமத்ராவில் பூமி அதிர்ந்தால் நமக்கும் ஆடும், பழகிப்போன ஒன்று. இது நம் காலடியிலிருந்தே வந்தது.

நான் பொறியாளன். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று தேடப் போய், 1897 ஜூன் 12இல் நின்றேன். அன்று அஸ்ஸாமைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. இந்திய நிலவியல் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், அந்த அதிர்வு ஐரோப்பியக் கருவிகளில் விட்ட கோடுகளை ஆராய்ந்தார். அலைகள் ஒன்றாக வரவில்லை. முதல் அலை பாறையை அழுத்தி ஓடியது. இரண்டாவது, பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. 1906இல் இந்த அலைகளை வைத்தே பூமிக்கு மையக்கரு உண்டு என்றார்.

இரண்டாவது அலை திரவத்துக்குள் போகாது. நீர் நிறைந்த விரிசல்களில் அது முதல் அலையைவிட அதிகமாகத் தளரும். பாட்டி பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பதம் சொல்வாரே, அதே கணக்குதான்.

2001 ஜனவரி 26இல் குஜராத்தின் புஜ் பகுதி அதிர்ந்தது. அதன் பின்னதிர்வுகளை வைத்து கயால், சாவோ, மிஸ்ரா முதலியோர் நிலத்தடியைப் படம் எடுத்தார்கள். நிலநடுக்கம் தொடங்கிய ஆழத்தில், திரவம் ஊறிய, நொறுங்கிய பாறை இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. திரவத்தின் அழுத்தம் பிளவின் இரு சுவர்களையும் விலக்கித் தள்ளும். உராய்வு குறைந்து பிளவு வழுக்கும்.

தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், மூட்டுவலிக்காகப் பாட்டி காடேக் வெந்நீர் ஊற்றுக்குப் போவாராம். “கீழ யாரோ அடுப்பு எரிக்கிறாங்கடா” என்பார். நான் சிரித்திருக்கிறேன். எரிமலை எதுவும் இல்லை. விரிசல் வழியே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் சூடாகித் திரும்பி வருகிறது. ஆக, விரிசலும் நீரும் நமக்குக் கீழேயும் உண்டு என்பது பாட்டிக்கு முழங்காலிலேயே தெரிந்திருக்கிறது. அந்த ஊற்றுக்கும் சிகாமட் அதிர்வுக்கும் தொடர்பு என்று நான் சொல்லவில்லை.

‘நம்ம நாட்டுல நிலநடுக்கம் வராது’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையில் எதையும் அளக்காமல் விட்டுவிடக் கூடாது. படம் தெளிவாக விழ, கருவிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். சின்ன அதிர்வுகள் வரும்போதே காது கொடுத்துக் கேட்டு வைப்பதுதான் நல்லது.