மின்தடை, மின்திறன் கணித்தல்

ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தமும் அதன் வழியே பாயும் மின்னோட்டமும் தெரிந்தால், அதன் மின்தடையையும் அது எடுத்துக்கொள்ளும் மின்திறனையும் கணிக்கலாம். மின்னழுத்தத்தை (வோல்ட்) மின்னோட்டத்தால் (ஆம்பியர்) வகுத்தால் மின்தடை (ஓம்) கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் (வாட்) கிடைக்கும்.

வரலாறு

மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய இயற்பியலாளர் கியார்கு சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அக்கால மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக இராததால், ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் வைக்கப்பட்ட பிஸ்மத்து-செப்பு வெப்ப இரட்டையை அவர் தம் ஆய்வுகளுக்குப் பயன்படுத்தினார். மின்னோட்டத்தால் ஒரு கம்பியில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது என்பதை ஜேம்சு ஜூல் 1841இல் வெளியிட்டார்.

எடுத்துக்காட்டு

230 வோல்ட், 60 வாட் எனக் குறிக்கப்பட்ட டங்ஸ்டன் இழை விளக்கை (குண்டு பல்பு) எடுத்துக்கொள்வோம். அது எரியும்போது பாயும் மின்னோட்டம் 60 ÷ 230, அதாவது ஏறத்தாழ 0.26 ஆம்பியர். எனவே மின்தடை 230 ÷ 0.26, ஏறத்தாழ 880 ஓம்.

அதே விளக்கை இணைப்பிலிருந்து கழற்றி, ஆறிய பின் பல்மானியால் (மல்டிமீட்டர்) அளந்தால் 60 முதல் 70 ஓம் வரையே காட்டும். கருவி பழுதென்று மாணவர்கள் எண்ணுவது இவ்விடத்தில்தான். 65 ஓம் என்று கொண்டு கணித்தால் மின்திறன் 230 × 230 ÷ 65, அதாவது 800 வாட்டுக்கும் மேல் என்ற பொருந்தாத விடை வரும். அளவீட்டில் பிழை இல்லை. எரியும் இழையின் வெப்பநிலை ஏறத்தாழ 2500 பாகை செல்சியசு. அந்நிலையில் டங்ஸ்டனின் மின்தடை அறை வெப்பநிலையில் உள்ளதைப் போல் பத்து மடங்குக்கும் மேலாகும். ஆகவே வகுத்துப் பெறும் மின்தடை, அந்த மின்னழுத்தத்திலும் அந்த வெப்பநிலையிலும் மட்டுமே பொருந்தும். விளக்கைப் போட்ட கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் மிகுந்த மின்னோட்டம் பாய்கிறது. பழைய விளக்குகள் பெரும்பாலும் அக்கணத்திலேயே எரிந்துபோவதற்கு இது ஒரு காரணமாகும்.

நீர்சூடேற்றிகளின் நிக்ரோம் கம்பியில் இம்மாற்றம் சிறியது. 230 வோல்ட்டில் 1000 வாட் எடுக்கும் சூடேற்றியின் மின்தடை 52.9 ஓம். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தால் 180 × 180 ÷ 52.9, ஏறத்தாழ 612 வாட் மட்டுமே கிடைக்கும். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவே குறைந்தும் மின்திறன் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு குறைவதற்கு, அது மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்திருப்பதே காரணம். தண்ணீர் சூடாக நெடுநேரம் ஆவது இதனாலேயே.

மாறுமின்னோட்டத்தில்

விளக்கு, சூடேற்றி ஆகியவற்றுக்கு மேற்கூறிய கணக்கு மாறுமின்னோட்டத்திலும் பொருந்தும். 230 வோல்ட் என்பது பயனுறு மதிப்பாகும். மின்னோடிகளுக்கு (மோட்டார்) இது பொருந்தாது. அவற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்குவதால், பெருக்குத்தொகையைத் திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் ஒருகட்ட மின்னோடியின் திறன் காரணி 0.8 எனில், அது எடுக்கும் மின்திறன் 1150 வாட் அன்று, 920 வாட். இங்கு மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் 46 ஓம் என்பதும் சுருளின் மின்தடை ஆகாது. அது மின்மறுப்பு எனப்படும்.