லாசால் ரயில் பயணிகளும் சரக்கு நிறுவனத்தின் தண்டவாளமும்

கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள லாசால் பகுதி வழியாகச் செல்லும் காண்டியாக் புறநகர் ரயில்கள், வார இறுதி நாட்களில் ஓடுவதில்லை. மற்ற நாட்களிலும் பெரும்பாலும் வேலை நேரத்தை ஒட்டியே ஓடுகின்றன.

2001-இல் தொடங்கிய இச்சேவையை இப்போது நடத்துவது எக்ஸோ என்ற பொது அமைப்பு. ஆனால் தண்டவாளமோ சிபிகேசி என்ற தனியார் சரக்கு ரயில் நிறுவனத்தின் சொத்து. பயணிகள் ரயிலுக்கு எந்த நேரத்தில், எவ்வளவு இடம் என்பது அந்நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் சரக்கு, பயணிகள் ரயில்கள் இரண்டையும் அரசே இயக்குவதால், தமிழர்களுக்கு இது புதிய ஏற்பாடாகத் தோன்றலாம்.

பாதை அடைபட்டால் மாற்று வழியும் இல்லை. 2020 பிப்ரவரியில், ஆற்றின் மறுகரையிலுள்ள கானவாகே மோஹாக் பூர்வகுடியினர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வெட்சுவெட்டன் மக்களுக்கு ஆதரவாகத் தண்டவாளத்தை மறித்தபோது, பயணிகளுக்குப் பேருந்துகளே மிஞ்சின.

2024 ஆகஸ்ட் 22-இல் சிபிகேசி தனது தொழிலாளர்களைக் கதவடைப்புச் செய்தது. எக்ஸோ ரயில் ஓட்டுநர்களுக்கு இத்தகராற்றில் பங்கில்லை. ஆயினும் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோர் பணியில் இல்லாததால் காண்டியாக், வோத்ரெய், சென் ஜெரோம் ஆகிய மூன்று தடங்களும் சில நாட்கள் முடங்கின.

அமெரிக்காவில் ஆம்ட்ராக் ரயில்களுக்குச் சரக்கு ரயில்களைவிட முன்னுரிமை அளிக்கும் சட்டம் 1973 முதல் உண்டு. அது எப்போதும் மதிக்கப்படுவதில்லை என்பது வேறு விடயம். கனடாவில் அத்தகைய சட்டமே கிடையாது.