வாயுவுக்கு நாற்றம் வந்த வரலாறு

சமையல் வாயு கசிவதை நமக்கு முதலில் அறிவிப்பது மூக்கே. ஆயினும், சிலிண்டரில் அடைபட்டிருக்கும் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இயற்கையில் சொல்லத்தக்க மணம் ஏதுமில்லை. அழுகிய முட்டைக்கோசை ஒத்த அந்தத் துர்நாற்றம், எத்தில் மெர்காப்டன் என்னும் திரவத்தை அற்பசொற்பமாக, வேண்டுமென்றே கலப்பதால் உண்டாவது.

1807-இல் லண்டன் பால்மால் வீதியில் நிலக்கரி வாயு விளக்குகள் முதன்முதலாக ஒளிர்ந்த காலத்தில் இந்தக் கலப்புக்கு அவசியமிருக்கவில்லை. அந்த வாயுவே நாறியது. ஆனால் கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு, எரியும் மெழுகுவர்த்தியைக் குழாயின் பொருத்துகள்தோறும் காட்டிச் செல்லும் விபரீத வழக்கம் சாமானியரிடம் மட்டுமன்றித் தொழிலாளரிடமும் பரவியிருந்தமையால், கசிவைத் தேடப் போனவர்களே வெடிவிபத்துக்குக் காரணமானதும் உண்டு.

பின்னர், நிலத்தடியிலிருந்து எடுத்த மணமற்ற இயற்கை வாயு அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தபோது, மூக்கின் காவலும் அற்றுப்போயிற்று. டெக்ஸாஸில், எண்ணெய்ச் செல்வம் கொழித்த நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூட நிர்வாகிகள், செலவைக் குறைக்கக் கருதி, எண்ணெய் வயல்களில் கழிவாக எரித்துவிடப்பட்டு வந்த வாயுவைக் குழாய் இணைத்துப் பெற்றுக்கொண்டனர். அது கசிந்து தளத்தின் அடியிலிருந்த வெற்றிடத்தில் நிறைந்ததை ஒருவரும் உணரவில்லை. 1937 மார்ச் 18 பிற்பகல், தொழிற்கல்வி ஆசிரியர் மரத்தைத் தேய்க்கும் மின்கருவி ஒன்றை முடுக்கியபோது தெறித்த பொறியில் கட்டடமே தூக்கியெறியப்பட்டு, ஏறத்தாழ முந்நூறு பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டனர். அதே ஆண்டில் டெக்ஸாஸ் சட்டசபை வாயுவில் நாற்றம் கலப்பதைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்களும் பின்பற்றின.

ஆயினும் நாற்றம் கசிவு உண்டென்று சொல்லுமேயன்றி, எங்கே என்று சொல்லாது. நெடுநேரம் நுகர்ந்த மூக்கு மரத்தும் போகும். ஆகவே, வீட்டு அடுப்பாயினும் தோட்டத்தில் வைத்து இறைச்சி வாட்டும் கிரில்லாயினும், அருகில் நெருப்பேதுமின்றி, அடுப்பின் திருகுகளை மூடி, சிலிண்டரின் வால்வை மட்டும் திறந்துவிட்டு, ரெகுலேட்டரிலும் ரப்பர்க் குழாயின் இரு முனைகளிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பதே உத்தமமான பரீட்சையாகும். நுரை குமிழ்குமிழாகப் பொங்கி வளர்ந்தால் வாயு வெளியேறும் துவாரம் அங்கேதான். உடனே வால்வை மூடிவிட வேண்டும். பழுதை நீக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்கலாகாது.

அறைக்குள் நாற்றம் வீசினாலோ, சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானதாதலால் தரையோடு தங்கும். ஆகவே கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மின்விசைகளைப் போடாமலும் அணைக்காமலும் வெளியேறுவதே விவேகம். தீக்குச்சி கிழித்துக் கசிவு தேடும் பழக்கம் எவ்வீட்டில் எஞ்சியிருந்தாலும், அதை இன்றே கைவிடுமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.